காடு வளர மரம் குறையும்

தையல் எந்திரங்களின் ஒலி ஓயாத புதியம்புத்தூரிலிருந்து எத்திசையில் நடந்தாலும் சிறிது நேரத்தில் கரிசல் மண் காலில் ஒட்டும். கோடையில் பாளம் பாளமாக வெடித்து, மழையில் குழைந்து, ஆண்டில் ஒரு போகம் மட்டுமே தரும் மானாவாரி நிலம். இங்கே நிழல் என்பது செல்வம். அச்செல்வத்தை நாடித்தான், இவ்வட்டாரத்து மையவாடி ஒன்றில், பதினான்கு ஆண்டுகளுக்கு முன் இளைஞர்கள் கூடி 300 கன்றுகளை நட்டார்கள். வேம்பும் புங்கும் கலந்து, ஐந்தடிக்கு ஒன்றாக, நெருங்க நெருங்க நட்டார்கள். ஜனாஸாவுடன் வருகிற மக்கள் ஒரு நாழிகையேனும் வெயிலின்றி நிற்க வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். நீர் ஊற்றும் பொறுப்பு பள்ளிவாசல் மோதினார் மீது விழுந்தது. முதல் இரண்டு கோடைகளில் காய்ந்த கன்றுகளுக்குப் பதிலாக வேறு கன்றுகளையும் அவரே வைத்து, 300 என்ற கணக்கை நிறைவு செய்தார்.

எட்டு ஆண்டுகள் கழித்து ஜமாஅத்தார் எண்ணிப் பார்த்தபோது 182 மரங்களே இருந்தன. கூட்டத்தில் கணக்கு வாசிக்கப்பட்டது. 118 மரங்கள் எங்கே என்ற கேள்வி எழுந்தது. எல்லார் பார்வையும் மோதினார் மேல் திரும்பிற்று. "தண்ணீர் ஊற்றாமல் ஒரு நாளும் இருந்ததில்லை, ஹஜ்ரத்" என்று அவர் நம்மைப் பார்த்துச் சொன்னார். ஒப்படைக்கப்பட்டதைப் பேணுவதும் அமானிதமே என்று நாம் அவருக்கு உபதேசம் செய்தோம். அவர் மறுமொழி கூறவில்லை. இன்று அவர் நம்மிடையே இல்லை.

அன்று நாம் கூறியது பிழை. மரங்களைப் பற்றி நாம் ஏதும் அறியாதிருந்தோம் என்பதே அப்பிழையின் வேர். ஒரு தோப்பு வளர வளர அதன் மரங்களின் தொகை குறைவது இயற்கையின் ஒழுங்கு என்பதையும், அவ்வொழுங்கை மனிதன் கண்டறிந்த வரலாற்றையும் பின்னரே கற்றோம். அவ்வரலாற்றை ஈண்டு எடுத்துரைப்பது அறிவுக்காக மட்டுமன்று. ஒருவர் மீது சுமத்திய பழியை இறக்கி வைப்பதற்காகவும் ஆகும்.

உழவன் அறிந்த உண்மை

கரிசல் சம்சாரிக்கு இதில் பாதி உண்மை முன்னரே தெரியும். புரட்டாசி, ஐப்பசியில் கம்பையும் சோளத்தையும் விதைக்கும்போது அவன் தேவைக்கு மிகுதியாகவே விதைக்கிறான். மழை ஏய்த்தாலும், எறும்பு இழுத்தாலும் எஞ்சியது முளைக்கட்டும் என்பது அவன் கணக்கு. முளைத்து இரண்டு மூன்று வாரங்களானதும் நெருங்கிய பயிரைப் பிடுங்கி அகற்றுகிறான். இதற்குக் கலைப்பு என்று பெயர். நல்ல பயிரைப் பிடுங்குகிறாரே என்று பார்ப்போர் மனம் பதைக்கலாம். ஆனால் கலைக்காத புஞ்சையில் தட்டை மெலிந்து, கதிர் சிறுத்துப் போவதை அவன் கண்டிருக்கிறான்.

தோட்டக்காரர்களும் இதனை அறிந்திருந்தனர். கி.பி. 12ஆம் நூற்றாண்டில் அந்தலூசின் இஷ்பீலியா நகரில், இன்று செவில் எனப்படும் ஊரில், வாழ்ந்த இப்னுல் அவ்வாம் எழுதிய கிதாபுல் ஃபிலாஹா என்னும் பெருநூல் மரம் நடுதலையும் பேணுதலையும் விரிவாக ஆராய்கிறது. அதன் அரபு மூலமும் ஸ்பானிய மொழிபெயர்ப்பும் 1802இல் மத்ரீதில் அச்சேறின. ஆயினும் வயலும் பழத்தோட்டமும் மனிதன் கைக்குள் அடங்கியவை. அங்கே இடைவெளியை வகுப்பவன் அவன். கை படாத காட்டில், கலைப்பதற்கு எவரும் இல்லாதபோது என்ன நிகழ்கிறது? எத்தனை மரம் எஞ்சும், எத்தனை மடியும்? இக்கேள்வி, மரம் அரிதாகி அதற்கு விலை ஏறிய பின்னரே அழுத்தமாக எழுந்தது.

நிலம்பூர்த் தேக்கும் பிராண்டிஸின் கணக்கும்

கேள்வி எழுந்த இடங்களுள் ஒன்று நமக்கு அண்மையிலேயே உள்ளது. இன்று கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் இருக்கும் நிலம்பூர் அன்று சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. கப்பல் கட்டுவதற்குத் தேக்கு வேண்டியிருந்தது. காட்டுத் தேக்கோ வெட்ட வெட்டக் குறைந்து வந்தது. மலபார் கலெக்டராயிருந்த கானலி, 1840களில் தேக்கை விதையிட்டு வளர்க்க முற்பட்டார். முதல் முயற்சிகளில் விதை முளைக்கவில்லை. பின்னர் முறை கைகூடியது. நடவை முன்னின்று நடத்திய சாத்து மேனோனின் பெயரை நிலம்பூர் இன்றும் நினைவில் வைத்திருக்கிறது.

நிலம்பூரில் நெடுங்காலம் வழங்கிய இடைவெளி ஆறடிக்கு ஆறடி. அக்கணக்கில் ஓர் ஏக்கரில் 1,210 கன்றுகள் நிற்கும். 1846இல் நடப்பட்ட தோட்டத்தில் காக்கப்பட்டிருக்கும் பகுதி, கானலி தோட்டம் என்ற பெயரால் இன்றும் காட்டப்படுகிறது. சற்றேறக்குறைய 2.3 ஹெக்டேர் பரப்புள்ள அவ்விடத்தில் இப்போதுள்ள தேக்கு மரங்கள் நூற்றுச் சொச்சமே. ஏக்கருக்கு ஏறத்தாழ 20 மரங்கள். ஆயினும் காண்போர் எவரும் அதனை அழிந்த தோட்டம் என்று கூறுவதில்லை. அண்ணாந்து பார்த்து வியக்கிறார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட கன்றுகள் நின்றிருக்கக்கூடிய இடத்தை இருபது மரங்கள் நிரப்பியிருக்கின்றன.

இக்குறைவில் பெரும்பங்கு கோடரியின் வேலை என்பதை மறைத்தலாகாது. தேக்குத் தோட்டங்களில் குறித்த ஆண்டுகளில் கலைப்பு நடத்துவது வனத்துறையின் முறை. முதலில் வரிசைக் கணக்கில் பாதி மரங்களை அகற்றுவர். பின்னர் மரத்தின் நிலை கண்டு மெலிந்தவற்றை அகற்றுவர். ஆனால் கோடரி அகற்றுவது, பெரும்பாலும் நிழலில் கிடந்து தாமே மடியவிருந்த மரங்களைத்தான். இயற்கை மெதுவாகச் செய்வதை வனத்தார் முன்கூட்டிச் செய்து, அம்மரம் வீணாகாமல் விறகாகவும் கழியாகவும் எடுத்துக்கொள்கின்றனர்.

மரத்தை எண்ணுவது எவ்வாறு என்பதிலும் ஒரு பாடம் உண்டு. டீட்ரிச் பிராண்டிஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1856இல் பர்மாவின் பெகு காடுகளுக்குப் பொறுப்பேற்றார். யானை மீதேறிக் காட்டினூடே சென்று, கண்ணில் படும் தேக்கு ஒவ்வொன்றுக்கும் மூங்கில் துண்டில் கத்தியால் ஒரு வெட்டு இடுவார். எல்லா மரங்களையும் ஒரே துண்டில் குறிக்கமாட்டார். அடிமரச் சுற்றளவு ஆறடிக்கு மேற்பட்டவை ஒரு வகுப்பு. அதற்குக் குறைந்தவை வேறு வேறு வகுப்புகள். வகுப்புக்கு ஒரு துண்டு. மொத்த எண்ணிக்கை மட்டும் காட்டைப் பற்றி எதையும் தெளிவாகச் சொல்லாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1864இல் இந்தியாவின் முதல் வனத் தலைமை ஆய்வாளராக அவர் அமர்த்தப்பட்டார். சென்னை மாகாணத்துக்கும் வந்து ஆய்ந்து ஆலோசனை கூறினார். 1882இல் சென்னை வனச் சட்டம் இயற்றப்பட்டது அக்காலத்தில்தான்.

அதே காலத்தில், 1884இல், ஜெர்மனியில் குஸ்தாவ் கிராஃப்ட் என்பவர் ஒரே வயதுத் தோப்பின் மரங்களை ஐந்து வகுப்புகளாகப் பிரித்தார். தலை நிமிர்ந்து ஒளி முழுவதையும் பெறுவது முதல் வகுப்பு. பிற மரங்களின் கீழே அமுங்கி, ஒளியின்றி வாடுவது கடைசி வகுப்பு. ஒரே நாளில் ஒரே கையால் நடப்பட்ட கன்றுகளே இவ்வாறு பிரிகின்றன. தொடக்கத்தில் ஒரு சாண் முந்திய கன்று நிழல் வீசுகிறது. பிந்தியது அந்நிழலில் மேலும் பிந்துகிறது. அமுங்கிய மரத்தின் தழை தேடித் தருவது அதன் உடலைப் பேணப் போதாமற் போகும் நாளில் அது பட்டுப்போகிறது. அதற்கு நீர் ஊற்றியவர் எவராயினும் அம்முடிவு மாறாது.

எண்ணிக்கைக்குள் ஓர் ஒழுங்கு

மரங்கள் குறைகின்றன என்பது தெரிந்துவிட்டது. எவ்வளவு குறையும் என்பதைக் கணக்கில் கொணர்ந்தவர் அமெரிக்க வனத்துறையைச் சேர்ந்த ரைனெக்கே. 1933இல் வெளியிட்ட கட்டுரையில் அவர், நெருக்கமாக வளர்ந்த ஒரே வயதுத் தோப்புகளின் சராசரி மர விட்டத்தையும் ஏக்கருக்குள்ள மரத்தொகையையும் மடக்கை அளவுத்தாளில் குறித்துப் பார்த்தார். புள்ளிகளின் மேல்விளிம்பு நேர்கோடாக அமைந்தது. அக்கோட்டின் சரிவு 1.605.

இதனை எளிய கணக்கில் கூறுவோம். சராசரி விட்டம் 10 செ.மீ. உள்ள 1,000 மரங்கள் ஓரிடத்தில் இனி இடமில்லை என்னுமளவு நெருங்கி நிற்பதாகக் கொள்வோம். விட்டம் 20 செ.மீ. ஆகும்போது அங்கே 329 மரங்களே நிற்க முடியும். 40 செ.மீ. ஆகும்போது 108. விட்டம் இரட்டிக்கும்தோறும் மரத்தொகை மூன்றில் ஒன்றாகச் சுருங்குகிறது. ரைனெக்கே ஆராய்ந்த மரவகைகளுள் பெரும்பாலானவற்றில் சரிவு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ஆனால் ஒரே விட்டத்தில் எத்தனை மரம் நிற்கலாம் என்னும் உச்ச அளவு மட்டும் வகைக்கு வகை வேறுபட்டது.

நம் நாட்டிலும் இத்தகைய அளவீடு நடந்தது. இந்தியாவிலும் பர்மாவிலும் இருந்த தேக்குத் தோட்டங்களுக்கான விளைவு அட்டவணைகளை லாரியும் சாந்த் ராமும் தொகுத்து 1940இல் வெளியிட்டனர். வயது ஏற ஏற ஏக்கருக்கு எத்தனை தேக்கு என்னும் எண் படிப்படியாக இறங்குவதை அவ்வட்டவணைகளில் காணலாம்.

முப்பது ஆண்டுகள் கழித்து ஜப்பானில் மற்றொரு கதவு திறந்தது. ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தில் கியோஜி யோடாவும் அவருடைய தோழர்களும் செடிகளை நெருக்கமாக வளர்த்தும், இயற்கையாக நெருங்கி வளர்ந்தவற்றை அளந்தும், 1963இல் ஒரு விதியை வெளியிட்டனர். நெருக்கத்தால் செடிகள் மடியத் தொடங்கிய பின், தொகை நான்கில் ஒன்றாகக் குறையும்போது எஞ்சியவற்றின் சராசரி எடை எட்டு மடங்காகிறது என்பதே அவ்விதியின் பொருள். நான்கில் ஒன்றை எட்டால் பெருக்கினால் இரண்டு. ஆகவே தொகை கால் பங்கான இடத்தில் மொத்த எடை இரட்டிக்கிறது. மடிந்தவை விட்ட இடத்தை எஞ்சியவை நிரப்பி, அதற்கு மேலும் பெருகுகின்றன. ஒரு செடி அடைத்துக்கொள்ளும் தரை இருபடியாகப் பெருக, அதன் உடல் முப்படியாகப் பெருகுகிறது என்பதை இதற்குக் காரணமாகக் காட்டினர்.

அவர்கள் கண்ட மற்றொரு செய்தி நம்மை வியப்பில் ஆழ்த்தியது. வளமான மண்ணில் செடிகள் குறைவாக மடியும் என்று நாம் எண்ணுவோம். அவர்கள் கண்டது நேர்மாறு. குறித்த காலத்தில் வளமான மண்ணில்தான் மிகுதியான செடிகள் மடிந்தன. வளம் பெற்றவை விரைந்து வளர்கின்றன. விரைந்து வளர்வதால் விரைந்து நெருங்குகின்றன. ஆகவே விரைந்து கலைகின்றன. இதனைப் படித்தபோது நம் நெஞ்சு மோதினாரிடம் சென்றது. அவர் நன்றாக நீர் ஊற்றியதே மரங்கள் விரைவில் குறைந்ததற்கு ஒரு காரணமாய் இருந்திருக்கலாம்.

ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு நடை

இவ்விதி எல்லா மரங்களுக்கும் ஒன்றா என்னும் வழக்கு பின்னர் நெடிது நடந்தது. 1980களில் அமெரிக்க ஆய்வாளர்களான வெல்லரும் சைடியும் பழைய அளவீடுகளை மீண்டும் ஆராய்ந்து, சரிவு வகைக்கு வகை மாறுகிறது என்று வாதிட்டனர். 1998இல் என்குவிஸ்ட், பிரௌன், வெஸ்ட் ஆகிய மூவரும், உயிரினத்தின் உடலளவுக்கும் அது உண்ணும் ஆற்றலுக்கும் உள்ள தொடர்பிலிருந்து வேறொரு கணக்கைக் கொணர்ந்தனர். தொகை கால் பங்கானால் எடை எட்டு மடங்காகாது, ஆறு மடங்குக்குச் சற்று மேலாகும் என்பது அவர்கள் முடிவு.

இவ்வழக்கில் நம்பத்தக்க சாட்சி நெடுங்காலம் அளக்கப்பட்ட காடே. ஜெர்மனியில் 1870கள் முதல் அளந்து வரப்பட்ட, கோடரி படாத தோப்புகள் சில உண்டு. அவற்றின் கணக்கேடுகளைப் பிரெட்ஷ், பைபர் என்னும் இருவர் ஆராய்ந்து 2005இல் வெளியிட்டனர். பைன் மரத்தின் சரிவு 1.593, ரைனெக்கேயின் எண்ணுக்கு மிக அருகில் உள்ளது. ஸ்ப்ரூஸுக்கு 1.664. பீச் மரத்துக்கு 1.789. ஓக் மரத்துக்கு 1.424. நம் பழைய கணக்கில் இதனைப் பொருத்திப் பார்ப்போம். விட்டம் இரட்டிக்கும்போது 1,000 பீச் மரங்கள் 289 ஆகும். 1,000 ஓக் மரங்கள் 373 ஆகும். பீச் தன் கிளைகளை அகல விரித்து அண்டை மரத்தைத் தள்ளும் இயல்புடையது. ஓக் அவ்வளவு நெருக்குவதில்லை. குறைதல் எல்லா மரத்துக்கும் பொது. குறையும் அளவு அவ்வவற்றின் இயல்பு. அரபியில் மீஸான் என்போமே, அத்தராசு ஒன்றுதான். அதில் ஏறும் எடை ஒவ்வொன்றுக்கும் வேறு.

கரிசல் காட்டின் கணக்கு

இனி நம் மண்ணுக்கு வருவோம். மழை மிக்க காடுகளில் மரங்கள் பெரிதும் ஒளிக்காகப் போட்டியிடுகின்றன. கரிசலில் போட்டி நீருக்கும் சேர்த்து நிகழ்கிறது. கோடையில் மண் வெடிக்கும்போது மெல்லிய வேர்கள் அறுபடுகின்றன. ஆகவே இங்கே தலைகள் ஒன்றையொன்று தொடுமுன்பே வேர்கள் தொட்டுவிடலாம். குடைபோல் விரிந்த உடைமரங்கள் பொட்டல்களில் விலகி விலகி நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். அவ்விடைவெளி வெறுமையாகத் தோன்றலாம். கீழே வேர் அதனை ஆண்டுகொண்டிருக்கிறது.

சீமைக்கருவேலம் வேறு கதை. 1877ஐ ஒட்டிச் சென்னை மாகாணத்துக்குக் கொண்டுவரப்பட்ட அம்மரம் இன்று இவ்வட்டாரத்துத் தரிசையெல்லாம் மூடிக்கொண்டிருக்கிறது. கரிமூட்டத்துக்காக அதனைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அடியோடு வெட்டுகிறார்கள். வெட்டிய தூரிலிருந்து பல போத்துகள் வெடித்துக் கிளம்புகின்றன. அவை தமக்குள் கலைந்து, வலியது ஒன்று மரமாகும் முன்னர் மீண்டும் வெட்டு விழுகிறது. ஆகவே அது என்றும் புதராகவே நிற்கிறது. நெருக்கம் உண்டு, முதிர்ச்சி இல்லை. கண்மாய்களில் 1981 முதல் சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தில் பரப்பப்பட்ட நாட்டுக் கருவேலமோ, குறித்த ஆண்டுகள் நின்று முதிர்ந்த பின் ஏலத்துக்கு வருகிறது. அங்கேனும் மரத்துக்கு மரமாகும் காலம் கிடைக்கிறது.

அண்மை ஆண்டுகளில் நம் மாநிலத்தில் பரவியிருக்கும் மியாவாக்கி முறையையும் இங்கே கூறவேண்டும். 2021இல் மறைந்த அகிரா மியாவாக்கி என்னும் ஜப்பானிய அறிஞர் வகுத்த அம்முறையில், சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்றுகள் நெருக்கமாக நடப்படுகின்றன. அவற்றுள் பல பின்னாளில் மடியும் என்பது அம்முறைக்குள்ளேயே அடங்கியது. நடும் நாளில் எண்ணைப் பறைசாற்றிவிட்டுப் பத்தாண்டு கழித்து அதே எண்ணைத் தேடுவோர், அம்முறையையும் அறியாதார் ஆவர்.

எனினும் இவ்விதி கவனக்குறைவுக்குக் கேடயமாகிவிடக் கூடாது. நீரின்றிக் காய்ந்த கன்றும், ஆடு கடித்த கன்றும், நெருக்கத்தால் கலைந்த மரமும் கணக்கேட்டில் ஒரே எண்ணாகத் தோன்றும். அவற்றைப் பிரித்தறிய இடத்தைப் பார்க்க வேண்டும். நீரின்றி மடிவது நட்ட ஓரிரு கோடைகளில் நிகழும். ஓரம், நடு என்று பாராது. நெருக்கத்தால் மடிவது தழைகள் கூடி நிழல் மூடிய பின்னர் நிகழும். நடுவில் உள்ள மெலிந்தவையே முதலில் போகும். ஒரு பக்கம் வெளி கண்ட ஓரத்து மரங்கள் தப்பும்.

மீண்டும் மையவாடியில்

அண்மையில் ஜமாஅத்தில் மறுபடியும் அப்பேச்சு வந்தது. இப்போது எஞ்சியவை 151. இடைவெளிகளில் புதுக்கன்று நட்டு 300ஐ நிரப்ப வேண்டும் என்றார் ஒருவர். பட்டுக் கொண்டிருக்கும் மரங்களை வெட்டலாமா, பச்சை மரத்தை வெட்டுவது பாவமாயிற்றே என்றார் மற்றொருவர். முடிவு கூறுமுன் அளந்து பார்ப்போம் என்று நாம் கேட்டுக்கொண்டோம். புதியம்புத்தூர்ப் பக்கத்தில் அளவு நாடாவுக்குப் பஞ்சமில்லை. தையல் வேலை செய்யும் இளைஞர் இருவர் நாடாவுடன் வந்தனர். அஸர் தொழுகைக்குப் பின் மரத்துக்கு மரம் சுற்றளவு எடுத்தோம்.

சுவரோரத்திலும் பாதையோரத்திலும் நட்டவை அனைத்தும் ஏறத்தாழ அப்படியே இருந்தன. அவற்றுள் ஒரு வேம்பின் சுற்றளவு இரண்டரை அடி. நடுவில் பட்டு நின்ற ஒன்றின் சுற்றளவு ஒரு சாண். மறைந்த மரங்களின் அடித்தூர்கள் எல்லாம் நடுப்பகுதியிலேயே கிடந்தன. மோதினார் நீர் ஊற்றாது விட்டிருந்தால், கிணற்றுக்குத் தொலைவிலிருந்த சுவரோரத்து மரங்களல்லவா முதலில் காய்ந்திருக்க வேண்டும்?

இதனை அடுத்த கூட்டத்தில் எடுத்துரைத்தோம். புதிதாக நிழலில் நடும் கன்றுகள் பிழையா என்றும், அமுங்கி வாடும் மெலிந்தவற்றை அகற்றி ஓங்கி நிற்பவற்றுக்கு இடம் விடலாம் என்றும் கூறினோம். அவ்வாறே முடிவாயிற்று. பின்னர், எட்டு ஆண்டுக் கணக்கு வாசிக்கப்பட்ட நாளில் மோதினாருக்கு நாம் கூறிய சொல் தவறானது என்பதையும் அக்கூட்டத்திலேயே அறிவித்தோம். அவருடைய மகனும் அங்கிருந்தார். அவர் எழுந்து வந்து நம் கையைப் பற்றினார், ஒன்றும் கூறவில்லை.

ஜமாஅத்தின் ஏட்டில் இப்போது மரக்கணக்குக்கு இரண்டு பத்திகள் உள்ளன. ஒன்று எண்ணிக்கை, மற்றது சுற்றளவு. முதற்பத்தி இனியும் குறையும். இரண்டாம் பத்தியோடு சேர்த்துப் படிப்போர் அதற்காக எவரையும் குறைகூறமாட்டார்கள்.